ஃபிளாஷின் விரல்களும் ஐந்து குரல்களும்

வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்த காலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு இருக்கும். தட்டை ஓரத்தில் பிடிக்க வேண்டும், மேலே விரல் படவே கூடாது. விரல் பட்டால் பிசுக்கு ஒட்டும், தூசி சேரும், பாட்டு கெட்டுப்போகும். பார்படாஸில் பிறந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த ஜோசஃப் சேட்லர் இந்த உத்தரவை மீறி அப்பாவின் ரெக்கார்டுகளைத் தொட்டு அடி வாங்கியவர். 1970களின் நடுவில், இருபது வயதுகூட ஆகாதபோது, சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மேலேயே விரல்களை வைத்தார். நிறுத்தினார், பின்னால் சுழற்றினார், மறுபடி ஓடவிட்டார். அந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் ஃபிளாஷ். பிறகு கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். அவரைச் சுற்றிச் சேர்ந்த ஐந்து பேர் ஃபியூரியஸ் ஃபைவ்.

இந்தக் குழுவின் பெயர் நம்மில் பெரும்பாலோருக்கு 1982-இல் வந்த 'த மெசேஜ்' பாட்டு வழியாகத்தான் தெரியும். ரெக்கார்டின் உறையில் முதலில் நிற்பது ஃபிளாஷின் பெயர். ஆனால் அந்தப் பாட்டின் இசையில் அவர் கை படவே இல்லை. தாளத்துக்கு மேல் எதுகையோடு பேசி ராப் செய்தவர்களில் ஐவரில் ஒருவர்தான் உண்டு. இன்னொருவர் குழுவைச் சேர்ந்தவரே அல்ல. குழு எழுந்த விதம், உடைந்த விதம் இரண்டுக்கும் சாவி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கைகளால் பிறந்த ஹிப் ஹாப் என்ற இசை, ரெக்கார்டில் ஏறும்போது குரலாக மாறியது. அந்த மாற்றம் இவர்களைத் தூக்கிவிட்டது. அதுவேதான் பிரித்தும் போட்டது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். தெற்கு பிராங்க்ஸ் அப்போது நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது. 1948-இல் வேலை தொடங்கிய கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே குடியிருப்புகளின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது. வசதி உள்ளவர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். வாடகை வராத கட்டடங்களுக்கு இன்சூரன்ஸ் பணத்துக்காக உரிமையாளர்களே ஆள் வைத்துத் தீ மூட்டியதும் நடந்தது. கஜானா காலியான நகர நிர்வாகம் தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970-க்கும் 1980-க்கும் இடையில் பிராங்க்ஸின் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கும் மேல் இழந்தன. ஒரு தெருவில் நூறு வீடு இருந்தால் பத்து வருடத்தில் மூன்று மிச்சம்.

அங்கே பிள்ளைகளுக்குப் போக்கிடம் பூங்காக்களும் பள்ளி மைதானங்களும்தான். தெருவிளக்குக் கம்பத்தின் அடியைத் திறந்து கரண்ட் எடுத்து, ஒலிபெருக்கி அடுக்கி, ரெக்கார்டு போட்டு ஆடுவார்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் சின்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணிக்குக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தார். ரெக்கார்டு போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த கிளைவ் கேம்ப்பெல். கூல் ஹெர்க் என்ற பெயரில் ஊரே அவரை அறிந்தது.

ஹெர்க் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பாட்டு முழுவதற்கும் யாரும் உயிரைக் கொடுத்து ஆடுவதில்லை. பாடகர், கிட்டார், ஊதுகுழல் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனியாக நிற்கும் சில நொடிகள் வரும்போதுதான் களம் கொதிக்கிறது. அதற்கு பிரேக் என்று பெயர். நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது பத்து நொடியில் முடிந்துவிடும். ஹெர்க் அதே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே இடத்தைப் போட்டு நீட்டினார். குறை என்னவென்றால், முள்ளைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து வைப்பார். தாளம் சில நேரம் தடுக்கும்.

அந்தத் தடுக்கல் ஃபிளாஷை உறுத்தியது. அவர் சாமுவேல் காம்பர்ஸ் தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். தெருவில் தூக்கிப்போட்ட ரேடியோவை எடுத்து வந்து பிரித்து மேய்கிற ஆள். ஹெர்க் இசையாகப் பார்த்த சிக்கலை இவர் பழுது பார்க்கிறவர் கண்ணால் பார்த்தார். அறைக்குள் அடைந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தார்.

முதல் சிக்கல், கேட்காமல் எப்படிச் சேர்ப்பது? ஒரு ரெக்கார்டு ஊருக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போது அடுத்தது எந்த இடத்தில் நிற்கிறது என்று டிஜேக்கு மட்டும் கேட்க வேண்டும். இரண்டு ரெக்கார்டின் ஒலியையும் கலக்குகிற மிக்ஸர் கருவி கையில் இருந்தது, அதில் அந்த வசதி இல்லை. ஒரு சுவிட்சை வாங்கி ஒட்டவைத்தார். ஒரு பக்கம் தள்ளினால் இடது டர்ன்டேபிள், அதாவது தட்டைச் சுழற்றும் கருவி, ஹெட்போனில் கேட்கும், மறு பக்கம் தள்ளினால் வலது, நடுவில் நிறுத்தினால் எதுவும் கேட்காது. ஒளிந்து பார்க்கும் விளையாட்டு போல இருந்ததால் அதற்குப் பீக்-அ-பூ என்று பேர் வைத்தார்.

இரண்டாவது சிக்கல், தட்டைக் கையால் பிடித்தால் அடியில் சுற்றுகிற மேடையும் சேர்ந்து இழுபடும். ரப்பர் விரிப்பு வழுக்காது. அவருடைய அம்மா தையல்காரர். துணியின் குணம் பையனுக்குத் தெரியும். ஃபெல்ட் துணி வாங்கித் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டினார். தொளதொளவென்று கிடந்தது. அம்மாவின் கஞ்சி ஸ்ப்ரேயை அடித்து, விறைக்கிற வரைக்கும் இஸ்திரி போட்டார். இப்போது மேடை அடியில் தன் பாட்டுக்குச் சுற்றும், மேலே ரெக்கார்டு விரலுக்கு அடங்கி நிற்கும். டர்ன்டேபிளில் ரெக்கார்டு ஓட்டுகிற டிஜேக்களின் மேசையில் இன்றும் இப்படி ஒரு வழுக்கு விரிப்பு கிடக்கும். அதன் ஆரம்பங்களில் ஒன்று பிராங்க்ஸில் ஒரு வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

மூன்றாவது, இடத்தைக் குறிப்பது. கிரேயான் எடுத்து ரெக்கார்டில் கோடு போட்டார். தட்டைக் கடிகார முகம் போல நினைத்து, பிரேக் தொடங்கும்போது கோடு எந்த மணியில் நிற்கிறது, முடிவதற்குள் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக்கொண்டார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. ஒன்பது நொடி பிரேக் என்றால் ஐந்து சுற்று. வலது தட்டில் அந்த ஒன்பது நொடி ஓடுவதற்குள் இடது தட்டை ஐந்து சுற்று பின்னால் தள்ளிவிட்டால் கோடு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். கை தயாராக இருந்தால் பத்து நொடி பிரேக்கைப் பத்து நிமிடம் நிறுத்தாமல் ஓட்டலாம். இந்த முழு ஏற்பாட்டுக்கும் அவர் க்விக் மிக்ஸ் தியரி என்று பெயரே வைத்தார். அவருடைய கூட்டாளி மீன் ஜீனின் தம்பி தியோடர் லிவிங்ஸ்டன், இதே அறைப் பழக்கத்திலிருந்துதான், தட்டை முன்னும் பின்னும் தேய்த்து வரும் கரகர சத்தத்தையே ஒரு வாத்தியமாக்கினார். ஸ்கிராட்ச் பிறந்தது அப்படி.

சரி, இவ்வளவையும் பழகிக்கொண்டு ஃபிளாஷ் பூங்காவுக்குப் போனார். கூட்டம் ஆடித் தீர்க்கும் என்று எதிர்பார்த்தார். யாரும் ஆடவில்லை. அத்தனை பேரும் நின்று அவருடைய கைகளை வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற இடம் இது. வித்தை அவ்வளவு புதிது. கூட்டத்துக்கு அது ஆட்டத்துக்கான இசையாகவே படவில்லை, செப்பிடு வித்தையாகப் பட்டது. கை மட்டும் போதாது, பார்வையை மேசையிலிருந்து விலக்கிக் காலை அசைக்கவைக்க ஒரு வாய் வேண்டும் என்று அவருக்கு உறைத்தது அன்றைக்குத்தான். ஃபியூரியஸ் ஃபைவ் உருவானதற்குக் காரணம் அந்த மௌனம்.

மைக்கை வைத்து, வருகிறவர் வரலாம் என்று விட்டார். நிறைய பேர் வந்து தடுமாறினார்கள். நின்றவர் கீத் விக்கின்ஸ், எல்லோருக்கும் கௌபாய். கூட்டத்தைக் கையைத் தூக்கவைப்பது, கூவவைப்பது, ராசியைச் சொல்லிக் கத்தவைப்பது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பட்டாளத்தில் சேரப் போகிற நண்பனைக் கேலி செய்து, அணிவகுப்பு நடை போல 'ஹிப், ஹாப், ஹிப், ஹாப்' என்று மைக்கில் சொல்லிக்காட்டினார். அதிலிருந்துதான் இந்த இசைக்கே பெயர் வந்தது என்று குழுவினர் சொல்வார்கள். அப்புறம் மெல்வின் குளோவர் வந்தார். மெலி மெல். கூடவே அவர் சகோதரர் நத்தானியல், மேடையில் கிட் கிரியோல். மூவரையும் வைத்துக்கொண்டு ஃபிளாஷ் 1976 செப்டம்பரில் ஆடுபான் பால்ரூமை நிரப்பினார். கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் 1965-இல் சுட்டுக் கொல்லப்பட்ட அதே மண்டபம். பூங்காவில் ரெக்கார்டு போட்ட பையன்களுக்கு அது சாதாரண ஏற்றம் அல்ல. எடி மாரிஸ் நான்காவதாகச் சேர்ந்தார். மிஸ்டர் நெஸ் என்றும் ஸ்கார்ப்பியோ என்றும் அழைக்கப்பட்டவர். ஐந்தாவது ரஹீம், போட்டிக் குழுவான ஃபங்கி ஃபோரிலிருந்து வந்த இனிய குரல்காரர்.

அதுவரை எம்சி என்பவர் டிஜேக்குக் கட்டியம் கூறுகிறவர்தான். நாலு வரி எதுகை, டிஜேயின் பெயர், கொஞ்சம் உற்சாகக் கூச்சல். இந்த ஐவர் அதை ஒரு வடிவமாக்கினார்கள். ஒருவர் தொடங்கிய வரியை இன்னொருவர் பிடுங்கி, மூன்றாமவர் முடிப்பார். கடைசிச் சொல்லில் ஐந்து பேரும் ஒன்றாக விழுவார்கள். ஃபிளாஷ் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் செய்த வெட்டையும் ஒட்டையும் இவர்கள் வாயால் செய்தார்கள். பழைய நேரடி நிகழ்ச்சிகளின் கேசட் பதிவுகளைக் கேட்டால் இது பளிச்சென்று தெரியும். எங்கே டிஜேயின் கை முடிகிறது, எங்கே குரல் தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஒரே மூச்சு.

அந்தக் கேசட்டுகள்தான் அப்போது அவர்களுடைய ரெக்கார்டு. ஒரிஜினலிலிருந்து நகல், நகலிலிருந்து நகல் என்று கைமாறி, வாடகைக் காரின் ஸ்பீக்கரில் ஊரைச் சுற்றும். இதை ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோக வேண்டும் என்ற யோசனையே பலருக்கும் இல்லை. அடுத்தவர் ரெக்கார்டை ஓட்டிக்கொண்டு அதன் மேல் பேசுவதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

1979 இலையுதிர் காலத்தில் விடை வந்தது. நியூஜெர்சியின் எங்கிள்வுட்டில் சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நடத்திய சில்வியா ராபின்சன், மேடை அனுபவமே அதிகம் இல்லாத மூன்று பேரை வைத்து 'ராப்பர்ஸ் டிலைட்' வெளியிட்டார். 14 நிமிடத்துக்கும் நீளமான பாட்டு, அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 36-ஆம் இடம் வரை போனது. அதில் ஒருவர் சொன்ன வரிகள் பிராங்க்ஸ் எம்சி கிராண்ட்மாஸ்டர் கேஸுடையவை. ஆண்டுக்கணக்காகக் குளிரில் நின்று கலையை வளர்த்தவர்கள் ரேடியோவில் தங்கள் பாணியை யாரோ பேசக் கேட்டுத் திகைத்தார்கள்.

ஃபிளாஷ் குழு அதே வருடம் ஹார்லெமில் பாபி ராபின்சனின் என்ஜாய் ரெக்கார்ட்ஸில் 'சூப்பராப்பின்' பதிவு செய்தது. அடுத்து சுகர் ஹில்லுக்கே போனார்கள். 1980-இல் வந்த 'ஃப்ரீடம்', கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் 19-ஆம் இடம் பிடித்தது. உயரம் கிடைத்தது, ஆனால் ஒரு விலை இருந்தது. சுகர் ஹில்லுக்குச் சொந்தமாக வாத்தியக் குழு உண்டு: பாஸில் டக் விம்பிஷ், கிட்டாரில் ஸ்கிப் மெக்டொனால்ட், டிரம்ஸில் கீத் லிபிளாங்க். பிரேக்கை டிஜே வெட்டி ஒட்டத் தேவையில்லை, அவர்களே வாசித்துவிடுவார்கள். அருமையான கலைஞர்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் யாருடைய பெயரில் குழு இருந்ததோ அவருக்கு ஸ்டூடியோவில் உட்கார நாற்காலி இல்லாமல் போயிற்று.

ஒரே ஒரு தடவை அந்த நாற்காலி கிடைத்தது. 1981-இல் வந்த 'த அட்வென்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆன் த வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்'. மூன்று டர்ன்டேபிள், ஏழு நிமிடம். ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்', குயீனின் பாஸ் கிட்டார், பிளாண்டி பாட்டில் டெபி ஹாரி ஃபிளாஷின் பெயரைச் சொல்கிற இடம், தங்கள் குழுவின் பாட்டே ஒரு துண்டு என்று எல்லாம் கண்முன்னே வெட்டப்பட்டு ஒட்டப்படுகின்றன. நாடாவை வெட்டி ஒட்டிய வேலை அல்ல, கையால் நேரடியாக ஓட்டிப் பதிவு செய்தது. டர்ன்டேபிள் ஒரு வாத்தியம் என்பதற்கு ரெக்கார்டில் கிடைத்த முதல் பெரிய சான்று இது. குழுவின் பாட்டுகளில் ஒன்றைத்தான் கேட்க நேரம் உண்டு என்று யாராவது சொன்னால், 'த மெசேஜ்' இருக்கும்போதுகூட, நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

அதே 1981-இல் இங்கிலாந்தின் பங்க் குழு த கிளாஷ், டைம்ஸ் சதுக்கத்தில் நடத்திய நிகழ்ச்சிகளுக்கு முன்னால் மேடையேற இவர்களை விரும்பி அழைத்தது. கிட்டார் கேட்க வந்த வெள்ளைக்கார ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள்; பேப்பர் கப்புகள் பறந்தன. தோலாடை, ஆணி பதித்த பெல்ட், மென்மயிர் ஆடை என்று ஜிகுஜிகுவென்று உடுத்தி பிராங்க்ஸில் ராஜாவாக நின்றவர்கள், சப்வேயில் கொஞ்ச நேரம் தள்ளி அன்னியர்கள்.

'த மெசேஜ்' பிறந்தது குழுவுக்கு வெளியே. சுகர் ஹில்லின் தாளக் கலைஞர் எட் ஃபிளெட்சர், டியூக் பூட்டி என்று பெயர், ஒரு நகரத்துக் காடு பற்றி எழுதி வைத்திருந்தார். உடைந்த கண்ணாடி, மூத்திர நாற்றம் அடிக்கும் படிக்கட்டு, வீட்டுக்குள் எலி, கடன்காரன் தொல்லை. சில்வியா ராபின்சன் அதைப் பிடித்துக்கொண்டு குழுவிடம் கொடுத்தார். குழுவுக்குப் பிடிக்கவில்லை. தெருவில் நாள் முழுக்கப் பார்க்கிற துயரத்தையே டிஸ்கோவில் போட்டால் எவன் ஆடுவான் என்பது அவர்கள் கேள்வி. பூங்காவில் ஆடாமல் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். மெலி மெல் மட்டும் கடைசியில் இணங்கினார். பிறந்த குழந்தை சிறைக் கம்பியில் தொங்குவது வரை போகும் கடைசிச் சரணம் அவர் 'சூப்பராப்பி'னுக்காக முன்பே எழுதியது. மூன்று வருடம் கழித்து அதற்கு உரிய இடம் கிடைத்தது. மீதியில் ராப் செய்தவர் டியூக் பூட்டி. வீடியோவில் அவருடைய பகுதிகளுக்கு ரஹீம் வாயசைத்தார்.

இசையையும் கவனிக்க வேண்டும். அதுவரை ராப் பாட்டுகள் துள்ளலான டிஸ்கோ வேகத்தில் ஓடின. இது மெதுவாக நடக்கிறது, இடைவெளி விட்டு விட்டு. ஒரு சிந்தசைஸர் இழை மேலே சுழல்கிறது. அவ்வளவு காலியிடம் இருப்பதால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. ஆடவைப்பதற்காக வந்த வாய், இந்தப் பாட்டில் நின்று கேட்கவைத்தது. 1982 ஜூலையில் வந்து ஆர் அண்ட் பி பட்டியலில் 4-ஆம் இடம், பொதுப் பட்டியலில் 62, பிரிட்டனில் 8. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002-இல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலுக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஐம்பது பதிவுகளில் இதுவும் ஒன்று.

வெற்றியின் கீழேயே விரிசல் இருந்தது. உறையில் ஃபிளாஷ், பாட்டில் மெலி மெல், பணம் எங்கே என்று யாருக்கும் தெளிவில்லை. 1983-இல் ஃபிளாஷ் சுகர் ஹில் மீது ராயல்டிக்காகவும் பெயருக்காகவும் வழக்குப் போட்டார். கிட் கிரியோலும் ரஹீமும் அவருடன் எலெக்ட்ரா கம்பெனிக்குப் போனார்கள். மெலி மெல், கௌபாய், ஸ்கார்ப்பியோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கொக்கெய்னுக்கு எதிரான 'ஒயிட் லைன்ஸ்' அந்த வருடம் 'கிராண்ட்மாஸ்டர் அண்ட் மெலி மெல்' என்ற பெயரில் வந்தது. பெயரைப் பார்த்தவர்கள் ஃபிளாஷ் இருக்கிறார் என்றே நினைத்தார்கள். அவர் அதிலும் இல்லை. அதற்குள் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஹாலிஸிலிருந்து ரன்-டிஎம்சி குழுவினர் வந்துவிட்டார்கள். தெருவில் போடுகிற அதே உடுப்பு, டிரம் மெஷின், இரண்டு குரல். தோலாடையும் மென்மயிரும் ஒரே வருடத்தில் பழசாகிவிட்டன.

1987-இல் ஒரு நன்கொடைக் கச்சேரிக்காக மறுபடி சேர்ந்தார்கள், 1988-இல் ஒரு ஆல்பமும் வந்தது. பழைய மூச்சு திரும்பவில்லை. கௌபாய் 1989-இல் இறந்தார். 28 வயது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் 2007-இல் இடம்பெற்ற முதல் ஹிப் ஹாப் குழு இவர்கள்தான் என்று அறிவித்தபோது, மைக்கை முதலில் பிடித்தவர் அதைப் பார்க்க இல்லை.

ஆனால் அவர் குரல் இருக்கிறது. 'த மெசேஜ்' பாட்டின் கடைசி நொடிகளைப் பலரும் கேட்காமல் நிறுத்திவிடுகிறார்கள். ராப் முடிந்தபின் தெருமுனையில் பையன்கள் சந்தித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இரவு எங்கே போகலாம் என்று பேசுகிறார்கள். பாட்டு முழுக்க ஒதுங்கியிருந்த குழு அங்கேதான் உள்ளே வருகிறது. போலீஸ் கார் வந்து நிற்கிறது. நாங்கள் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ் ஆட்கள் என்கிறார் ஒருவர். அது என்ன, ரவுடிக் கும்பலா என்று போலீஸ்காரர் கேட்கிறார். பதில் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரையும் காரில் ஏற்றுகிறார்கள்.